எங்கள் குவையரின் கிறிஸ்துமஸ் பாடல் மாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் எங்கள் சமூகப் பாடகர் குழு பாடுகிறது. ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் வந்தாலே ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். கேட்க வருகிறவர்களும் சேர்ந்து பாட நினைக்கிறவர்களும் கேட்பவை இரண்டும் இங்கே கலந்தே இருக்கின்றன. பதில் எழுதும் நான் குழுவின் செயலாளர், பெண் குரல்களில் கீழ் வரிசையான ஆல்டோவில் பாடுகிறவள்.

இது கோயிலில் (சர்ச்சில்) நடக்கும் கேரல் சர்வீஸ்தானே?

இல்லை. கேரல் சர்வீஸ் என்பது ஆராதனை. வேதவாசிப்பு, ஜெபம், அருளுரை எல்லாம் அதில் உண்டு. அதை அந்தந்தக் கோயில் குவையர்கள் நன்றாகவே நடத்துகிறார்கள். எங்களில் பலர் அவற்றிலும் பாடுகிறவர்கள். எங்களுடையது கச்சேரி. பாட்டுக்கு முன் இரண்டு வரி அறிமுகம் சொல்வோம், பிறகு பாடுவோம். லுத்தரன், சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், எந்தக் கோயிலுக்கும் போகாதவர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் ஊரில் வேறு அதிகம் இல்லை. அதற்காகத்தான் இந்தக் குழுவே தொடங்கியது.

யார் யார் பாடுகிறார்கள்? தொழில்முறைப் பாடகர்களா?

ஒருவர்கூட இல்லை. பெண்களின் மேல் வரிசையான சோப்ரானோவில் கல்லூரி மாணவிகள் அதிகம். ஆல்டோவில் இரவுப் பணி முடித்துவிட்டு நேராக ஒத்திகைக்கு வரும் நர்ஸ் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கிற இரண்டு பேர், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு பாட்டி. ஆண்களின் அடி வரிசையான பேஸில் திருவையாறு பக்கத்து நாதஸ்வரக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். மூச்சை எங்கே எடுப்பது, எவ்வளவு சேமிப்பது என்று அவனைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

டெனர்தான் எப்போதும் பஞ்சம். ஆண் குரலில் மேல் வரிசை பாடுகிறவர்கள் எந்த ஊர் குவையரிலும் குறைவுதான். எங்கள் டெனர் வரிசையைத் தாங்குகிறவர் பூதலூர் பக்கத்து விவசாயி. சம்பா நட்டு, களையெடுத்து, உரமும் போட்டு முடித்தபின் அறுவடைக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி டிசம்பர். அப்போது மட்டும் அவரால் ஒத்திகை தவறாமல் வர முடியும். அக்டோபரில் அவர் இல்லாமல்தான் பழகுவோம். வயலில் வேலை செய்துகொண்டே தன் வரிசையைப் பாடிப் பார்ப்பாராம், பக்கத்து வயல்காரர்களுக்கும் டெனர் வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது என்று சொன்னார். மற்ற மூன்று வரிசையும் இல்லாமல் அதைக் கேட்டால் யாருக்கும் என்ன பாட்டென்று பிடிபடாது!

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் சேரலாமா?

தாராளமாக. இப்போதும் இருக்கிறார்கள். சொற்களின் பொருள் தெரிந்து பாட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கிறிஸ்தவரான வேதநாயகம் சாஸ்திரியார், இந்து மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவையில் புலவராக இருந்த ஊர் இது. ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் இறந்தபோது, தன்னை வளர்த்த ஆசானின் நினைவாக அதே மன்னர் இங்கிலாந்துச் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்த சலவைக்கல் சிற்பம் இன்றும் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள ஷ்வார்ட்ஸ் கோயிலில் இருக்கிறது. பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.

எனக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாதே?

எங்களில் பெரும்பாலோருக்கு ஐந்து கோடு நோட்டேஷன் தெரியாது. நாங்கள் படிப்பது டானிக் சால்ஃபா. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய முறை இது. அதில் ஐந்து கோடு கிடையாது, டோ, ரே, மி என்ற எழுத்துகளும் நடுவே புள்ளிகளும் மட்டும். மிஷனரிகள் வழியாக வந்து நம் ஊர் குவையர்களில் அப்படியே தங்கிவிட்டது. எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒவ்வொரு பாட்டையும் நான்கு வரிசையாக நீல மையில் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துத் தருவார். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் சிவப்பில் ஒரு காற்புள்ளி இருக்கும். ஜெராக்ஸில் சிவப்பு கறுப்பாகிவிடும் என்பதால் ஒவ்வொரு பிரதியிலும் அந்தக் காற்புள்ளிகளைத் திரும்பக் கையால் போடுகிறார்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு முதல் சில வாரம் குழப்பும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சால்ஃபாவில் ‘மி’ மூன்றாவது சுரம், நமக்கு ‘ம’ நான்காவது. அதைவிடச் சிக்கல் ‘சோ’. அது ஐந்தாவது சுரம், அதாவது நம் பஞ்சமம். தாளில் அதைப் பார்த்ததும் வாய் தானாக ஷட்ஜத்துக்குப் போய்விடும். எழுத்தை மறந்து, எத்தனாவது படி என்று எண்ணத் தொடங்கினால் சரியாகிவிடும்.

ஒரே பாட்டை நான்கு விதமாகப் பாடுவது எதற்கு? எல்லோரும் சேர்ந்து ஒன்றாகப் பாடினால் அழகாக இருக்காதா?

இருக்கும். திருவையாற்றில் தை மாத ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும்போது நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மெட்டில் சேர்கிறார்கள், அதன் அழகுக்கு ஈடில்லை. குவையரின் அழகு வேறு மாதிரி. திருவாரூர் ஆழித்தேரை நான்கு வடத்தில் இழுக்கிறார்களே, ஒரு வடத்தில் நிற்பவருக்கு மற்ற மூன்று வடத்துக்காரர்களின் முகம் சரியாகத் தெரியாது, ஆனால் அவர்களுடைய இழுப்பு கையில் தெரியும். நான்கு குரல் பாட்டும் அப்படித்தான். மேலே சோப்ரானோ, கீழே ஆல்டோ, ஆண்களில் டெனர், அடியில் பேஸ். நால்வரும் ஒரே சமயத்தில் வேறு வேறு சுரத்தில் நிற்க, அந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் பாட்டு.

இதில் ஆல்டோக்காரர்களின் உழைப்பு வெளியே தெரிவதில்லை. மெட்டு எப்போதும் சோப்ரானோவுக்குப் போய்விடும். ஆல்டோவுக்குப் பல அடிகள் ஒரே சுரத்தில் நின்று, திடீரென்று அரைச் சுரம் இறங்கி, மறுபடி ஏறும் வேலை. தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. ஆனால் ஒத்திகையில் குவையர் மாஸ்டர் சில சமயம் ஆல்டோவை மட்டும் நிறுத்தச் சொல்வார். உடனே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பாட்டின் நடுவே என்னமோ காலியாகிவிட்டது என்று. நிகழ்ச்சிக்கு வரும்போது ஒரு பாட்டிலாவது மெட்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே ஓடுகிற குரலைத் தேடிக் கேளுங்கள். ஆல்டோ என்பதால் சொல்லவில்லை, முதல் முறை அது காதில் விழுந்தபின் குவையர் பாட்டைக் கேட்கும் விதமே மாறிவிடும்.

தமிழ்க் கீர்த்தனைகளை நான்கு குரலில் பாடுவதில்லையே, ஏன்?

சிலவற்றைப் பாடுகிறோம், எல்லாவற்றையும் அல்ல. சங்கராபரணத்தில் அமைந்த மெட்டு என்றால் சிரமமில்லை, அதன் சுரங்கள் மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுரங்களேதான். கீரவாணியும் நடபைரவியும் மைனர் ஸ்கேலுக்குப் பொருந்தும். ஆனால் கமகம் நிறைந்த ராகத்தில், ஒரு சுரம் நிற்கவே நிற்காமல் அசைந்துகொண்டிருக்கும்போது அதன் அடியில் மூன்று சுரங்களைக் கட்டி வைத்தால் ராகம் மூச்சுத் திணறும். தோடியையோ ஆனந்தபைரவியையோ அப்படிச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. அவற்றை ஒரே குரலாக, சுருதிப் பெட்டியும் மிருதங்கமும் மட்டும் வைத்துப் பாடுகிறோம்.

இரண்டு இசையும் கலப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியதிலிருந்து ஜெர்மன் லுத்தரன் மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு பாடப்பட்டு வருகின்றன. நாம் பாமாலை என்று பாடுவது அந்த வழி வந்தது. மறுபக்கம், திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டு சுரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. தஞ்சை அரண்மனையில் சரபோஜி மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். இந்த ஊரிலேயே வாழ்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், சுருதிகளைப் பற்றி அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவர், கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் எழுதினார். இத்தனை பேர் நடந்த பாதையில்தான் நாங்களும் போகிறோம்.

நான் கர்நாடக சங்கீதம் பாடுகிறவள். ஐந்தரைக் கட்டை சுருதி. சோப்ரானோவில் சேரலாமா?

சேரலாம். குரலை வேறு இடத்திலிருந்து எடுக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்கள் மேல் ஸ்தாயி பஞ்சமம் வரை முழுத் தொண்டையில் போவார்கள். குவையரின் சோப்ரானோவுக்கு அதற்கும் மேலே நான்கைந்து சுரம் வேண்டும். அங்கே தொண்டையைத் திறந்து அழுத்தினால் கிழிந்துவிடும், மெல்லிய தலைக்குரல்தான் வழி. பாட்டு கிளாஸில் அதைக் கள்ளத்தொண்டை என்று திட்டியிருப்பார்கள், அதனால் கூச்சமாக இருக்கும். குவையரில் அதுதான் முறையான குரல். நிதானமாக, தினமும் கொஞ்சம் பழகினால் வரும். அவசரப்பட்டு மேலே போய்க் குரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கச்சேரிக் குரல் பாதிக்கும் என்று பயந்தால் ஆல்டோவுக்கு வாருங்கள், அங்கே உங்கள் முழுக்குரலே போதும்.

நிகழ்ச்சியில் என்னென்ன பாட்டுகள்?

ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாறாதவை மூன்று.

முதலாவது, பெத்லகேம் குறவஞ்சியிலிருந்து ஒரு பகுதி. வேதநாயகம் சாஸ்திரியார் 1800-இல் இயற்றியது. மலைக்குறத்தி வந்து குறி சொல்லும் நம் குறவஞ்சி வடிவத்தையே எடுத்து அதில் கிறிஸ்துவின் கதையை வைத்தார். இதற்குத் தாளம் போட எங்களோடு ஒரு நாட்டிய ஆசிரியை உட்காருவார். பாடுகிறவர்கள் சொல்லை விழுங்கினால் அவர் கைத்தாளம் சற்று ஓங்கி விழும், உடனே எல்லோரும் நிமிர்ந்து விடுவார்கள்.

இரண்டாவது ‘சைலண்ட் நைட்’, தமிழில் ‘ஒப்பில்லா திரு இரா’. ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் 1818 டிசம்பர் 24 அன்று முதன்முதலில் பாடப்பட்டது. சொல் யோசப் மோர் என்ற குருவானவருடையது, மெட்டு ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியருடையது. ஆர்கன் இல்லாமல் ஒரு கிட்டாரோடு பாடினார்கள். நாங்களும் கீபோர்டை நிறுத்திவிட்டுக் கிட்டார் மட்டும் வைத்துக்கொள்கிறோம். முதல் சரணம் ஜெர்மன், மற்றவை தமிழ்.

மூன்றாவது, ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ். இதற்கு இரண்டு கட்டை சுருதி. இதில் ஒரு இடம் உண்டு. சோப்ரானோ ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்க, கீழே மற்ற மூன்று குரலும் அல்லேலூயா என்று வெட்டி வெட்டிப் பாடும். பிறகு சோப்ரானோ ஒரு படி ஏறும், மறுபடி ஏறும். ஏறும்போது குரல் சற்றுத் தாழ்ந்தாலும் அடியில் உள்ள எல்லோரும் சேர்ந்து தாழ்ந்துவிடுவார்கள். மொத்த ஒத்திகையில் அதிக நேரம் போவது இந்த ஒரு இடத்துக்குத்தான்.

அல்லேலூயா கோரஸுக்கு எழுந்து நிற்க வேண்டுமா?

விருப்பம். லண்டனில் இதைக் கேட்டு மன்னர் இரண்டாம் ஜார்ஜ் எழுந்து நின்றார், அதனால் எல்லோரும் நின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர் அங்கே இருந்தார் என்பதற்கே அந்தக் காலத்துச் சான்று இல்லை. ஆனாலும் நிற்கும் வழக்கம் உலகமெங்கும் பரவிவிட்டது. உட்கார்ந்து கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டோம், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் தயவுசெய்து உட்கார்ந்தே கேளுங்கள்.

சொல்லப்போனால் இது கிறிஸ்துமஸுக்கு எழுதிய பாட்டே அல்ல. இது இடம்பெறும் ‘மெசையா’ என்ற ஹேண்டலின் பெரிய இசைப்படைப்பு முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13, டப்ளினில், ஈஸ்டர் நெருங்கும் பருவத்தில். அந்த நிகழ்ச்சியின் வருமானம் தர்மத்துக்குப் போனது, கடனுக்காகச் சிறையில் இருந்தவர்களை விடுவிக்கவும் அந்தப் பணம் உதவியது. எங்கள் நிகழ்ச்சியில் உண்டியல் வைப்பதற்கு அது எனக்குப் பிடித்த முன்மாதிரி.

டிக்கெட் உண்டா?

இல்லை. வாசலில் உண்டியல் இருக்கும். அரங்க வாடகை, ஒலிபெருக்கி, டீ செலவு போக மீதி அந்த ஆண்டு முடிவு செய்கிற நற்பணிக்குப் போகும். கணக்கை ஜனவரியில் எல்லோர் முன்னும் வாசிக்கிறோம்.

மழை பெய்தால்?

பெய்யும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முழுக்க விடாமல் இருந்த ஆண்டுகளும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்து ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் மட்டும் நிகழ்ச்சியைத் தள்ளி வைப்போம். வெறும் மழைக்கு நடத்துவோம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கிற வரை மைக் இல்லாமல் பாடுவோம், குவையர் என்பதே மைக் வருவதற்கு முன்னால் பிறந்த கலை. திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு பக்கம் போகிறவர்களுக்குப் பேருந்து கிடைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுவோம்.

நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்கு மட்டும் கைதட்ட வேண்டாம் என்கிறீர்களே?

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுனாமியில் போனார்கள். பண்டிகைக்காக வேளாங்கண்ணி வந்திருந்த யாத்திரிகர்கள், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவக் குடும்பங்கள், கரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள். எங்கள் குழுவில் அந்தப் பக்கத்திலிருந்து வந்து தஞ்சாவூரில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். டெல்டாவில் கிறிஸ்துமஸ் பாடுகிறவர்களுக்கு இருபத்தைந்தையும் இருபத்தாறையும் பிரித்துப் பார்க்க முடியாது. இடைவேளைக்கு முன் ஒரு தமிழ்க் கீர்த்தனையை அவர்கள் நினைவாக, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுகிறோம். எந்தக் கீர்த்தனை என்பதை ஒவ்வொரு ஆண்டும் அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். அது முடிந்ததும் விளக்கு எரியும், இடைவேளை. கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது அதற்காகத்தான். மற்ற பாட்டுகளுக்கு மனம் போல் தட்டுங்கள், பாட்டு முழுதாக முடிந்தபின் தட்டினால் கடைசிச் சுரம் எங்களுக்கும் கேட்கும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா? வீடியோ எடுக்கலாமா?

குழந்தைகள் கட்டாயம் வரட்டும். அழுதால் சற்று வெளியே கூட்டிப்போய்விட்டு மறுபடி வாருங்கள். வீடியோ எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். குழந்தைகள் பாடும் பாட்டைப் பொதுவில் பகிர வேண்டாம், பெற்றோர் சிலர் விரும்புவதில்லை.

வீட்டுக்கு கேரல் ரவுண்ட்ஸ் வருவீர்களா?

அது கோயில் வாலிபர் சங்கங்களின் வேலை. டிரம்மும் தொப்பியுமாக ராத்திரி முழுக்க அவர்கள் வருவார்கள். நாங்கள் போவது மருத்துவமனை வார்டுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும், அதுவும் அனுமதி பெற்று, பகலில், மெதுவான பாட்டுகளோடு.

தொண்டைக்கு என்ன செய்கிறீர்கள்?

மார்கழிப் பனியும் ஈரமும் சேர்ந்தால் பாதிப் பேருக்குக் கரகரப்பு வந்துவிடும். வெந்நீர், மிளகு ரசம், பனங்கற்கண்டு, வாயில் ஒரு துண்டு அதிமதுரம். இவற்றை விட முக்கியம் பேசாமல் இருப்பது. கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பார்கள், பலருக்கு அது சிரமத்தைத்தான் கூட்டும். காய்ச்சல் இருந்தால் ஒத்திகைக்கு வராதீர்கள். ஒருவர் தும்மினால் அடுத்த வாரம் ஒரு வரிசையே படுத்துவிடும்.

சேர வேண்டுமென்றால் எப்போது, எப்படி?

ஆகஸ்டில் ஒத்திகை தொடங்கும், ஞாயிறு மாலைகளில். மழைக்காலத்தில் பல வாரம் தடைப்படும் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். செப்டம்பருக்குப் பிறகு அந்த ஆண்டுக்குப் புதியவர்களைச் சேர்ப்பதில்லை, டெனர் மட்டும் விதிவிலக்கு. வயது வரம்பு இல்லை. குரல் தேர்வு உண்டு, பயப்பட வேண்டாம். உங்களுக்குப் பிடித்த எந்தப் பாட்டையும் பாடலாம், சினிமாப் பாட்டும் சரி. அதை வைத்து எந்த வரிசை என்று பார்ப்போம். அப்புறம் மாஸ்டர் ஒரு சுரத்தை உங்களிடம் கொடுத்துப் பிடித்து நிற்கச் சொல்லுவார். பக்கத்தில் ஒருவர் வேறு சுரம் பாடுவார். முதல் முறை எல்லோரும் அவரோடு போய்விடுவார்கள், அதில் ஒன்றும் குறையில்லை. இரண்டாம் முறையும் போனால் மூன்றாம் முறை உண்டு. போகாமல் நின்று, அவர் சுரமும் உங்கள் சுரமும் சேர்ந்து ஒலிப்பது உங்கள் காதில் விழுந்துவிட்டதா என்பதைத்தான் பார்க்கிறோம். விழுந்துவிட்டால் அடுத்த ஞாயிறு உங்கள் பெயரில் ஒரு ஜெராக்ஸ் பிரதி தயாராக இருக்கும்.